ரசீதில் இருப்பது உங்கள் கையெழுத்து

மதுரை திருநகரிலிருந்து ஒரு கடிதம். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த எட்டுப் பக்கம், கூடவே ஒரு ரசீதின் ஜெராக்ஸ். எழுதியவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 36. கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 11 வருட வேலை, இப்போது டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். பிடித்தமெல்லாம் போக 31,500 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 11,200. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஆறாம் வகுப்பு. மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். 14 மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில், திருமங்கலத்துக்கு மேற்கே மனை போட்டு விற்கும் ஒருவருக்காக ஆட்களைக் கூட்டிப்போய் இடம் காட்டுகிறார். ஐந்து மனை முடித்தாயிற்று. கமிஷன் மொத்தம் 2,85,000. 'ஞாயிற்றுக்கிழமைக்கே மாதம் இருபதாயிரம் என்றால், முப்பது நாளும் இறங்கினால் லட்சத்தைத் தொட்டுவிடலாமே' என்பது அவர் கணக்கு.

மனை போட்டவர், கடிதம் முழுக்க 'ஓனர்', இவரை வேலையை விட்டுவிட்டு ஏரியா மேனேஜராக வரச் சொல்கிறார். அதற்கு மூன்று லட்சம் டெபாசிட், கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை இரண்டு. கம்பெனிக்கு இப்போதே தெரிய வேண்டாம் என்றால் ஒப்பந்தத்தை மனைவி பெயரில் போட்டுக்கொள்ளலாமாம். டெபாசிட்டுக்குப் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை. மாமனார் மட்டும், 'மாசச் சம்பளத்தை விட்டவன் மண்ணைத்தான் கவ்வுவான்' என்று சொல்லிவிட்டாராம். மனைவியிடம் டெபாசிட் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

அவர் கேட்பது இரண்டு. வேலையை விடலாமா? புரோக்கர் தொழிலுக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு?

ஏழாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. கூட வேலை பார்க்கும் ஆறு பேர் ஓனருடைய புது லேஅவுட்டில் மனை வாங்க மாதம் 5,000 ரூபாய் தவணை கட்டுகிறார்கள். 60 மாதம் கட்டி, மீதியைப் பத்திரம் முடிக்கும்போது கொடுப்பதாகப் பேச்சு. ஏழு மாதமாக அந்தப் பணத்தை இவர்தான் வாங்கி ஓனரிடம் சேர்க்கிறார். ரசீதும் இவரே எழுதித் தருகிறார். இதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

தம்பி, வேலையை விடலாமா என்பதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் நில வழக்குகளிலேயே தலை நரைத்துப்போன எனக்கு, உங்கள் எட்டுப் பக்கத்தில் நெஞ்சில் தைத்தது அந்த ஜெராக்ஸ்தான். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் நம்பி நிற்பது அதன்மேல்தான்.

பதினாலு மாதக் கணக்கு

கமிஷன் 2,85,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே, முதல் லேஅவுட்டில் முடிந்த மூன்று மனைக்கு 1,60,000 வந்துவிட்டது, புது லேஅவுட்டில் இரண்டு மனைக்கு உள்ள 1,25,000 'ரிஜிஸ்டர் ஆனதும்' வரும் என்றும் இருக்கிறது. வராத பணத்தை வருமானத்தில் சேர்க்காதீர்கள். பெட்ரோல், வாடகை கார், இடம் பார்க்க வந்தவர்களுக்குத் திருமங்கலத்தில் வாங்கிக் கொடுத்த மதியச் சாப்பாடு என்று நீங்களே 45,000 போட்டிருக்கிறீர்கள். 1,60,000-இல் 45,000 போனால் 1,15,000. பதினாலால் வகுத்தால் மாதம் 8,214 ரூபாய். இருபதாயிரம் எங்கே, எட்டாயிரம் எங்கே?

அதைவிட முக்கியம், அந்த ஐந்து பேர் யார் என்பது. ஒருவர் சித்தப்பா மகன். ஒருவர் மச்சினன். மற்ற மூன்று பேரும் உங்கள் கம்பெனிக்காரர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் இன்னும் ஒரு மனைகூட விற்கவில்லை. வேலை ஒரு பக்கம், மனைத் தொழில் ஒரு பக்கம் என்று தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு வாடிக்கையாளர் கிடைத்ததே ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான். 'சூப்பர்வைசர் சொன்னால் சரியாக இருக்கும்' என்ற நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தது கம்பெனி. ராஜினாமா கொடுக்கும் அன்றைக்குக் கடையும் சேர்ந்து மூடப்படும்.

முப்பது நாள் என்று பெருக்குவதும் நம் ஊருக்கு ஒத்துவராது. ஆடியில் பத்திரம் போட ஆள் வராது, மார்கழியும் அப்படித்தான். அஷ்டமி, நவமி, கரிநாள் கழியும். தேர்தல் அறிவித்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு ரோட்டில் போகவே ஆட்கள் யோசிப்பார்கள். அந்த ஒன்றரை மாதம் மனை வியாபாரம் படுத்துவிடும். வங்கித் தவணைக்கு ஆடியும் தெரியாது, அஷ்டமியும் தெரியாது.

'எய்ம்ஸ் வந்துவிட்டது, இனி இந்தப் பக்கம் விலை ஏறத்தான் செய்யும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறட்டும். தமிழ்நாட்டுக்கு ஒரு எய்ம்ஸ் என்ற அறிவிப்பு 2015 மத்திய பட்ஜெட்டிலேயே வந்தது. தோப்பூர் என்று இடம் முடிவானது 2018-இல், அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27-இல், கட்டுமானம் தொடங்கியது 2024-இல். இடையில் வட்டிக்கு வாங்கி அங்கே மனை போட்டவர்கள் எத்தனை பேர் கைக்காசை விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சிலர் என் கட்சிக்காரர்கள். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோவையும் கோடு கோடாக வரைபடத்தில் போட்டு விற்றார்கள். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. (நோட்டீஸில் 'ஐந்து நிமிடம்' என்று போட்டிருக்கும் தூரத்தை நான் ஒருமுறை பைக்கில் ஓட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஆனது, அதுவும் ரயில்வே கேட் திறந்திருந்த நாளில்.) விலை ஏறினால் லாபம் நிலத்தை வைத்திருப்பவருக்கு. புரோக்கருக்குக் காசு நிலம் கைமாறினால்தான். இன்னும் ஏறும் என்று எல்லோரும் நம்பும் காலத்தில் விற்க யாரும் வரமாட்டார்கள்.

ஓனர் சொன்னதும் சட்டம் சொல்வதும்

'ரெரா எல்லாம் பில்டருக்குத்தான், இடம் காட்டுகிறவனுக்கு லைசென்ஸ் எதற்கு' என்று ஓனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தவறு. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. 2017 மே 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வரும் லேஅவுட்டிலோ அடுக்குமாடியிலோ விற்பவர் சார்பாக ஆள் பிடித்துக் கொடுக்கிற முகவரும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்றுக்கொடுத்த சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் போகலாம். ஒருவர் தன் பழைய வீட்டை விற்கிறார், நீங்கள் வாங்குபவரைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் அது வேறு. நீங்கள் செய்வது அதுவல்ல.

புது லேஅவுட்டைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் கவலை தருகிறது. 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, டிடிசிபிக்கு அப்ளை பண்ணியிருக்கிறோம்' என்கிறாராம். ஊராட்சித் தலைவர் முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் மனைப்பிரிவு அனுமதி ஆகாது. டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். அதற்கு உள்ளே போகிற சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய லேஅவுட் என்றால் பூங்காவுக்குப் பத்து சதவீதம் ஒதுக்க வேண்டும். பிறகு 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல் போய்விட்டாலே, ரெராவில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அந்த எண் வருவதற்கு முன் விளம்பரம் செய்யக்கூடாது, புக்கிங் எடுக்கக்கூடாது, அட்வான்ஸ் வாங்கக்கூடாது. பதிவான திட்டமாகவே இருந்தாலும், விற்பனை உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. புது லேஅவுட்டில் நீங்கள் பேசி முடித்த 6,30,000 ரூபாய் மனைக்கு 63,000-தான் எல்லை. அங்கே மனை பேசிய உங்கள் ஆட்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு லட்சம் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதலே தடுத்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம்.

இப்போது அந்த 1,25,000-க்கு வாருங்கள். அனுமதியில்லாத மனையைப் பதிய சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்று 2016-லிருந்து இருக்கிறது. அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான். உங்கள் ஓனர் போன வருடம் கல் ஊன்றியதற்கு அந்தக் கதவு இல்லை. பத்திரம் பதிவானால் கமிஷன்; அனுமதி வராமல் பத்திரம் பதிவாகாது. ஆக உங்கள் பாக்கி எந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகப் பேசிய கமிஷனைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்றில்லை, மூன்று வருடத்துக்குள் போடலாம். ஆனால் பதிவில்லாத முகவர், பதிவில்லாத திட்டம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றால், உங்களுக்காக வாதாட வருபவர் மிகவும் சிரமப்படுவார்.

இன்னொன்று. பழைய வீடு, பழைய மனை கைமாறும்போது நம் ஊரில் தரகு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் ஓனர் 6,30,000 ரூபாய் மனைக்கு 62,500 தருகிறேன் என்கிறார். பத்தில் ஒரு பங்கு! பேப்பர் சுத்தமாக இருக்கிற மனைக்கு யாரும் அவ்வளவு தரமாட்டார்கள், தரத் தேவையும் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்து ஆட்கள் பேப்பரைக் கேட்காமல் இருக்கிறார்களே, அதற்குத் தருகிற விலை அது.

அந்த ஆறு பேர்

நீங்கள் அனுப்பிய ரசீதை மேஜையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடையில் வாங்கிய சாதாரண ரசீதுப் புத்தகம். மேலே ரப்பர் ஸ்டாம்பில் ஒரு பெயர், முகவரி இல்லை. ரெரா எண் இல்லை. பிளாட் எண் இல்லை, சர்வே எண் இல்லை. 'மனைத் தவணை ரூ.5,000 ரொக்கம் பெற்றுக்கொண்டேன்.' கீழே உங்கள் கையெழுத்து, சுத்தமாக, தேதியோடு. 'பெற்றுக்கொண்டோம்' என்றுகூட இல்லை, 'பெற்றுக்கொண்டேன்'. ஓனருடைய கையெழுத்து எங்கே? நீங்கள் அவரிடம் பணம் கொடுத்ததற்கு அவருடைய நோட்டில் ஒரு சுழி போடுகிறாராம். அந்த நோட்டும் அவரிடமே இருக்கிறது.

ஆறு பேர், ஐயாயிரம், ஏழு மாதம். 2,10,000 ரூபாய். இன்றைக்குக் காகிதத்தின்படி இந்தப் பணம் உங்களிடம் இருக்கிறது.

உங்கள் மனதில் நீங்கள் பணத்தைக் கை மாற்றிக் கொடுத்தவர், அவ்வளவுதான். நாளைக்கு ஓனர் போனை அணைத்துவிட்டால் அந்த ஆறு பேரும் யார் வீட்டு வாசலில் நிற்பார்கள்? காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போது யார் பெயரை முதலில் எழுதுவார்கள்? பார்த்தது உங்களை, பணம் கொடுத்தது உங்களிடம், ரசீது உங்களுடையது. ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை என்று நீங்கள் நிரூபித்துக்கொள்ளலாம். முதல் தகவல் அறிக்கை, முன்ஜாமீன், வாய்தா என்று அலைந்த பிறகு. மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏழு வருடம் வரை தண்டனை இருக்கிறது.

குறிப்பிட்ட ஒரு மனைக்கு, அதன் விலையில் கழித்துக்கொள்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு வாங்கும் முன்பணத்தைச் சட்டம் டெபாசிட்டாகப் பார்ப்பதில்லை. எந்த மனை என்றே சொல்லாமல் மாதாமாதம் வசூலித்தால் கதை மாறும். அனுமதியில்லாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்து 2019-இல் மத்திய சட்டமே வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லிருந்தே உண்டு. அதற்கென மதுரையிலேயே தனி நீதிமன்றம் நடக்கிறது. அங்கே வராந்தாவில் நிற்பவர்களில் எல்லோரும் கோடி சேர்த்தவர்கள் இல்லை. ஆள் சேர்த்துவிட்டு ரசீது எழுதியவர்களும் நிற்கிறார்கள். பாதிப் பேர் தங்கள் பணத்தையும் அதில் போட்டவர்கள்.

கம்பெனி ஆட்களிடமே வசூல் நடக்கிறது என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் சூப்பர்வைசர் மாதாமாதம் பணம் வாங்கினார் என்று ஒரு மொட்டைக் கடிதம் போனால் போதும், உள்விசாரணை வரும். நீங்களாக விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வேலை, அவர்களாக அனுப்பும் வேலையாகிவிடும். அப்போது பணிக்கொடையிலும் (கிராஜுவிட்டி) கைவைக்கப் பார்ப்பார்கள்.

மூன்று லட்சம், இரண்டு காசோலை, மனைவியின் பெயர்

மூன்றுக்கும் ஒரே பதில்: வேண்டாம்.

சம்பளம் கொடுத்து வேலைக்கு வைப்பவர் ஊழியரிடம் மூன்று லட்சம் கேட்க மாட்டார். ஒப்பந்தத்தின் நகலில் நீங்கள் எடுத்து எழுதியிருக்கும் வரியை இன்னொரு முறை படியுங்கள்: 'வாடிக்கையாளர் தரப்பில் எழும் அனைத்துப் பிரச்சனைகளுக்கும் ஏரியா மேனேஜரே முழுப் பொறுப்பு.' டெபாசிட்டையும் கொடுத்து, பொறுப்பையும் ஏற்று, மாதச் சம்பளம் என்று ஒரு பைசா எழுதாத ஒப்பந்தம் இது.

வெற்றுக் காசோலையில் தொகை எழுதாவிட்டால் செல்லாது என்று நினைக்கிறீர்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்த காசோலை என்றுதான் நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பாடு. காசோலை திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மனைவி பெயரில் போடுவதைப் பற்றி நான் மிருதுவாகச் சொல்லப்போவதில்லை. ஒப்பந்தத்தில் யார் பெயரோ, வழக்கிலும் அவர் பெயர். ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலத்துக்காக எதிரியாகக் கூண்டில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கணவர் பின்னால் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இதை மனைவியிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கப்போகும் கேள்விகள் நான் கேட்டவற்றைவிடக் கூர்மையாக இருக்கும்.

விடுவதாக இருந்தால் கைக்கு என்ன வரும்

நண்பர் சொன்னபடி பி.எஃப். முழுவதும் வராது. நீங்கள் பத்து வருட சர்வீஸைத் தாண்டிவிட்டதால் பென்ஷன் பகுதியை மொத்தமாக எடுக்க முடியாது. அது பொதுவாக 58 வயதில் மாத ஓய்வூதியமாகத்தான் வரும். வேலையை விட்டால் அதற்கு ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மீதிப் பகுதியை எடுக்கும் விதிகள் அண்மையில் மாற்றத்துக்கு உள்ளானவை. பழைய அனுபவத்தில் பேசும் நண்பரை நம்பாமல் பி.எஃப். அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பணிக்கொடை உங்களுக்கு உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 என்று எழுதியிருப்பதால், மாதத்தை 26 நாளாக வைத்து, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் 10,500. பதினோரு வருடத்துக்கு 1,15,500. நோட்டீஸ் காலத்தை முறையாக முடித்து ராஜினாமா செய்தால் இதற்குக் குறுக்கே யாரும் நிற்க முடியாது.

உங்கள் வீட்டுச் செலவு, தவணையும் சேர்த்து, மாதம் 27,000. ஒரு வருடத்துக்கு 3,24,000. இந்தத் தொகை ஓனரிடம் டெபாசிட்டாக இல்லாமல் உங்கள் பெயரில் வங்கியில் இருக்கும் நாள்வரை ராஜினாமாக் கடிதத்தை எழுதவே உட்காராதீர்கள். பெரியவளின் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருடம் கடன் கேட்கப் போனாலும் வங்கி இரண்டு வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும், அதையும் மனதில் வையுங்கள்.

மாமனார் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இந்தத் தொழிலில் கௌரவமாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். மஞ்சள் பையில் மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸும், வில்லங்கமும், புலப்படமும் இல்லாமல் யாரையும் இடத்துக்குக் கூட்டிப்போகமாட்டார். முதலில் தனியாகப் போய் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார்: 'மழை பெய்தால் தண்ணி எந்தப் பக்கம் போகும்?' கண்மாய்க்குப் போகிற ஓடை புலப்படத்தில் மெல்லிய கோடாக இருக்கும், தரையில் கருவேலம் மூடிக் கிடக்கும். அந்த ஒரு கேள்வியில் பல மனைகளைக் கைகழுவியிருக்கிறார். பட்டாவில் நாலு பேர் இருந்து இரண்டு பேர் மட்டும் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கும் போகமாட்டார். உங்கள் புது லேஅவுட் கூட்டுப் பட்டா என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பட்டாவில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்று ஓனரிடம் கேட்டீர்களா?

ஆசை உண்மையானது என்றால் இந்த ஒரு வருடத்தை அப்படிப் படிப்பதற்குச் செலவழியுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் வருவாய்த்துறைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதிவுத்துறை மறுக்கும் கோயில் நிலம், வக்ஃபு, பூதான் இவற்றின் சர்வே எண்கள் எப்படிக் காட்டும் என்று கற்றுக்கொள்ளுங்கள். கம்பெனியில் எழுத்துமூலம் அனுமதி கேட்க முடிந்தால் கேளுங்கள். கிடைத்தால் ரெராவில் முகவராகப் பதிவு செய்யுங்கள். பிறகு திருநகர், பசுமலைப் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய வீடு ஒன்றை, உங்களை முன்பின் தெரியாத ஒருவருக்கு முடித்துக் கொடுத்துப் பாருங்கள். அப்படி மூன்று முடித்துவிட்டு எழுதினால், வேலையை விடுவது பற்றி வேறு மாதிரிப் பேசலாம்.

அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியவை

அடுத்த தவணையை வாங்காதீர்கள். இதுவரை வாங்கியதற்கு ஆள்வாரியாக ஒரு பட்டியல் எழுதுங்கள்: பெயர், தேதி, தொகை, ரசீது எண், ஓனரிடம் கொடுத்த நாள். வாட்ஸ்ஆப்பில் 'பணம் வந்தது' என்று அவர் போட்ட செய்திகள் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், போனை மாற்றாதீர்கள். அந்தப் பட்டியலோடு ஓனருக்கு ஒரு கடிதம்: இந்த 2,10,000-ஐயும் இரண்டு அட்வான்ஸையும் நீங்கள் பெற்றுக்கொண்டதற்கு, பிளாட் எண்ணோடு ஒவ்வொருவர் பெயரிலும் உங்கள் கையெழுத்தில் ரசீது தாருங்கள், அனுமதியின் நகலையும் ரெரா எண்ணையும் தாருங்கள், இல்லையென்றால் அவர்கள் பணத்தை அவரவர் வங்கிக் கணக்குக்குத் திருப்புங்கள். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். (2025-இல் பதிவுத் தபாலை அதோடு சேர்த்துவிட்டார்கள், நாங்கள் வக்கீல்கள்தான் இன்னும் ஆர்.பி.ஏ.டி. என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) ஓனர் கோபப்படுவார். கமிஷன் பாக்கியைக் காட்டி மிரட்டுவார். 1,25,000 போனாலும் போகட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால், உங்கள் ஊரிலேயே ஒரு வக்கீலைப் பார்த்து, அந்த எட்டுப் பேரோடு சேர்ந்து நீங்களே முதலில் புகார் கொடுப்பது நல்லது. புகார்தாரராகப் போவதற்கும், புகாரில் பெயராகப் போவதற்கும் இடையில் சில வாரங்கள்தான் இருக்கும்.

ஏழாம் தேதி சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குச் சாயந்திரம் ஆறு பேரும் வழக்கம்போல டீக்கடைப் பக்கம் ஐயாயிரத்தை மடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களை உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, லேஅவுட்டுக்கு இன்னும் அனுமதி வரவில்லை, எனக்கும் பதிவு இல்லை, உங்கள் பணத்துக்கு ஓனரிடம் ரசீது கேட்டிருக்கிறேன் என்று அப்படியே சொல்லுங்கள். ஒருவர் கத்துவார். ஒருவர் எழுந்து போய்விடுவார். கத்துகிறவரிடம் ஓனருக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கொடுங்கள். அன்றைக்கு ரசீதுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.